ஆளியை ஆள்வது யார்?

வரலாறு என்றதும் அரசர்களையும் யுத்தங்களையும் ஆட்சி மாற்றங்களையும் நினைத்துப் பழகியவர்கள் நாம். பல தசாப்தங்களைப் பத்திரிகைத் தொழிலில் கழித்தவன் என்ற வகையில் நானும் பெரும்பாலும் அவற்றைப் பற்றியே எழுதிவந்திருக்கிறேன். ஆனால், எமது அன்றாட வாழ்வு எவற்றின்மீது தங்கியிருக்கிறதோ அத்தகைய சில பொருட்களின் வரலாறு பொதுவெளியில் பேசப்படுவதே இல்லை. வங்கியிலும் வைத்தியசாலையிலும் பத்திரிகைக் காரியாலயத்திலும் ஏதோ ஒரு மூலையில், இரும்பு அலுமாரிக்குள், பச்சை விளக்குகள் மினுங்க ஓசையின்றி இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு தட்டையான பெட்டி அவற்றில் ஒன்று. கட்டடத்திலுள்ள கணினிகள் அனைத்தும் ஒன்றோடொன்று பேசுவது அந்தப் பெட்டியின் ஊடாகத்தான்.

தொழில்நுட்பவியலாளர்கள் அதனை 'நெட்வேர்க் சுவிட்ச்' என்பர். மின்சுற்றிலுள்ள சுவிட்சுக்கு எமது நாட்டின் பாடநூல்கள் நெடுங்காலமாக 'ஆளி' என்ற சொல்லைப் பயன்படுத்திவருகின்றன. இக்கட்டுரையில் நானும் அச்சொல்லையே கையாளுகின்றேன். ஆளிகளில் இருவகை உண்டு. கம்பிகளைச் செருகியதும் தன்பாட்டில் வேலை செய்யத் தொடங்குவது ஒரு வகை. கட்டளைக்குக் கீழ்ப்படிந்து நடப்பது மற்றைய வகை. எந்தத் துளையில் செருகப்பட்ட கணினி எந்தப் பிரிவைச் சேர்ந்தது, எது எதனோடு பேசலாம், எந்தத் துளை மூடப்படவேண்டும் என்றெல்லாம் அதற்கு உத்தரவிட முடியும். இதனை 'முகாமை செய்யப்படும் ஆளி' என்பார்கள். உத்தரவை ஏற்கின்ற எதுவாயினும் அதனிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உத்தரவிடும் உரிமை யாருக்கு? அவர் எந்த வாசலால் உள்ளே வருவார்? இந்தப் பெட்டியின் வரலாறு முழுவதையும் அந்தக் கேள்வியின் வரலாறாகவே நான் பார்க்கிறேன்.

அந்தக் கேள்வி கணினிக்கு முற்பட்டது. தொலைபேசி அறிமுகமான காலத்தில் அழைப்புகளை இணைத்துக் கொடுப்பதற்கு இணைப்பகங்களில் ஆட்கள் அமர்ந்திருந்தார்கள். யார் யாருடன் பேசுவது என்பது அவர்களின் கையில் இருந்தது. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் மரணச் சடங்குகளை நடத்திக் கொடுக்கும் தொழிலைச் செய்துவந்தவர் அல்மன் ஸ்ட்ரவ்ஜர். தனக்கு வரவேண்டிய வாடிக்கையாளர்களின் அழைப்புகளை இணைப்பகத்தில் இருந்த பெண், தனது தொழில் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவர் சந்தேகித்ததாக ஒரு கதை வழங்கிவருகிறது. கதை எவ்வாறிருப்பினும், மனிதக் கை படாமல் தானே இணைப்பை ஏற்படுத்தும் பொறிமுறைக்கு 1891ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார் என்பது வரலாறு. மறுவருடம் இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் அத்தகைய முதலாவது தானியங்கி இணைப்பகம் திறக்கப்பட்டது. நடுவில் இருப்பவர்மீது கொண்ட அவநம்பிக்கையில் இருந்துதான் தானியங்கி ஆளி பிறந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

கணினி உலகில் நிலைமை தலைகீழாக ஆரம்பித்தது. ஸெரொக்ஸ் நிறுவனத்தின் கலிபோர்னிய ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ரொபேர்ட் மெட்காஃப் 1973 மே 22ஆம் திகதி எழுதிய ஒரு குறிப்பே 'ஈதர்நெட்' என்ற வலையமைப்பு முறைக்கு வித்திட்டது. டேவிட் பொக்ஸ் என்பவருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய அந்த முறையில் நடுவர் எவரும் இல்லை. எல்லாக் கணினிகளும் ஒரே வடத்தில் தொங்கின. ஒன்று பேசினால் எல்லாவற்றுக்கும் கேட்கும். இரண்டு ஒரே நேரத்தில் பேசினால் பேச்சு மோதிக் குழம்பும். பின்னர் இரண்டும் சற்றுப் பொறுத்து மீண்டும் பேசிப் பார்க்கும். சந்தையில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் அழைப்பதைப் போன்றது அது. ஆட்கள் குறைவாக இருக்கும்வரை சந்தையில் சிக்கல் இல்லை.

வலையமைப்புகள் பெருத்தபோது அவற்றைத் துண்டுகளாகப் பிரித்து இடையில் பாலம் போடவேண்டிய தேவை எழுந்தது. ஒரு பாலம் பழுதானால் மற்றொன்று உதவட்டும் என்று இரண்டு பாலங்களை அமைத்தால், செய்தி வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பெருகி வலையமைப்பையே மூச்சுத்திணற வைத்துவிடும். இதற்குத் தீர்வு கண்டவர் டிஜிட்டல் எக்குயிப்மன்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ரேடியா பேள்மன் என்ற பெண் பொறியியலாளர். பாலங்கள் தமக்குள் பேசி, கிளைகள் மட்டுமுள்ள, வட்டங்களே இல்லாத ஒரு மரத்தை அமைத்துக்கொள்ளும் முறையை அவர் 1985ஆம் ஆண்டில் வகுத்தார். அதன் சாரத்தை ஒரு சிறு கவிதையாகவும் எழுதிவைத்தார். உலகெங்கும் உள்ள ஆளிகளில் அவருடைய மரமும் அதிலிருந்து வளர்ந்த முறைகளும் இன்றும் இயங்குகின்றன.

பாலத்துக்குப் பல துளைகளைக் கொடுத்து, வந்த செய்தியை உரியவரின் துளைக்கு மாத்திரம் அனுப்பிவைக்கும் முதலாவது ஈதர்நெட் ஆளி, 1990ஆம் ஆண்டளவில் சந்தைக்கு வந்தது. அதற்கு இருந்த துளைகள் ஏழு. அதைத் தயாரித்த கலிபோர்னிய நிறுவனத்தின் பெயர் 'கல்பனா'. வினோத் பரத்வாஜ் என்ற இந்திய வம்சாவளி தொழில்முனைவர், லரி பிளெயர் என்பவருடன் கூட்டுச்சேர்ந்து ஆரம்பித்த அந்நிறுவனத்துக்குத் தனது மனைவியின் பெயரைச் சூட்டியிருந்தார். எமது மொழியில் கற்பனை என்று வழங்கும் அதே சொல்தான். 1994ஆம் ஆண்டில் சிஸ்கோ நிறுவனம் கல்பனாவை வாங்கிக்கொண்டது.

ஆக, நடுவர் இல்லாத சந்தையில் மீண்டும் ஒரு நடுவர் வந்து அமர்ந்தார். இம்முறை அவர் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு அறிவும் கூடிக்கொண்டு போனது. தொலைவில் இருந்தவாறே கருவிகளின் நிலையை விசாரித்தறியும் பொது நெறிமுறை 1988ஆம் ஆண்டில் வெளியானது. ஒரே ஆளியைப் பல தனித்தனி வலையமைப்புகளாகப் பிரித்து, கணக்குப் பகுதியின் கணினிகளை விருந்தினரின் கணினிகள் எட்டிப் பார்க்காதவாறு தடுக்கும் முறைக்கு 1998ஆம் ஆண்டில் பொதுத் தராதரம் வகுக்கப்பட்டது. யார் யாருடன் பேசலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம், ஸ்ட்ரவ்ஜர் சந்தேகித்த அந்தப் பெண்ணின் கையில் இருந்ததைக் காட்டிலும் பன்மடங்கு பெரிதாக, இந்தப் பெட்டிக்குள் குவிந்தது.

இனி வாசலின் கதைக்கு வருவோம். கடையில் இருந்து வாங்கிய புதிய ஆளிக்கு முகவரி இல்லை, பெயர் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. வலையமைப்பின் ஊடாக அதற்கு உத்தரவிடுவதற்கு அதற்கொரு முகவரி வேண்டும். முகவரியைக் கொடுப்பதற்கோ உத்தரவிட வேண்டும். இந்த முடிச்சை அவிழ்ப்பதற்காக, வலையமைப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லாத தனியான ஒரு துளை அதில் வைக்கப்பட்டிருக்கிறது. அதுதான் 'கொன்சோல்' துளை. ஒரு வடத்தின் ஒரு முனையை அதிலும் மறுமுனையைத் தனது கணினியிலும் செருகிக்கொண்டு பெட்டியின் அருகே அமரும் பொறியியலாளர், தனது திரையில் சில எண்களைக் குறிப்பிடவேண்டும். பெரும்பாலான ஆளிகளுக்கு அவை இவைதான்: வேகம் 9600 'போட்', தரவுக்கு எட்டு அலகுகள், சரிபார்ப்பு அலகு இல்லை, நிறுத்தத்துக்கு ஓர் அலகு. அதன் பின்னர் பொத்தானைத் தட்டினால், கறுப்புத் திரையில் ஒரு வரி தோன்றி உத்தரவுக்காகக் காத்திருக்கும்.

இந்த எண்களை முதன்முதலில் கேள்விப்பட்டபோது எனக்குப் பழைய நண்பர் ஒருவரைக் கண்டதைப் போன்ற உணர்வு உண்டானது. ஏனென்றால் அது டெலிபிரிண்டரின் மொழி. கொழும்பில் நாங்கள் பத்திரிகை செய்த காலத்தில் உலகச் செய்திகளைக் கொண்டுவந்து கொட்டியது அந்த இயந்திரமே. அது இடையறாது தட்டித் தள்ளும் ஆங்கிலக் காகிதச் சுருளைக் கிழித்தெடுத்துத்தான் உதவி ஆசிரியர்கள் தமிழாக்கம் செய்தார்கள். 'போட்' என்ற அளவை, 1874ஆம் ஆண்டில் தந்திக்கென ஐந்து அலகுக் குறியீட்டுக்குக் காப்புரிமை பெற்ற பிரெஞ்சுக்காரரான எமில் போடோவின் பெயரில் இருந்து வந்தது. அந்தக் குறியீட்டை 1901ஆம் ஆண்டில் தட்டச்சுப் பலகைக்கு ஏற்றவாறு திருத்தியமைத்த டொனால்ட் மரே, நியூசிலாந்தில் பிறந்த ஒரு பத்திரிகையாளர் என்பதை அறிந்தபோது எனக்குள் சிறிது பெருமிதமும் உண்டானது. வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு, அடுத்த வரிக்கு இறங்கு என்று இயந்திரத்துக்குச் சொல்லும் குறிகளை அந்தக் குறியீட்டில் சேர்த்தவர் அவரே. இன்று ஆளியின் முன்னால் அமர்ந்து பொத்தானைத் தட்டும் பொறியியலாளர் அனுப்புவது அந்தத் திரும்பும் குறியைத்தான்.

நிறுத்தத்துக்கு ஓர் அலகு என்பதும் அவ்வாறே. எழுத்து ஒன்றைத் தட்டி முடித்த டெலிபிரிண்டரின் இரும்புப் பாகங்கள் அடுத்த எழுத்துக்குத் தயாராவதற்குக் கொடுக்கப்பட்ட சிறிய இடைவெளி அது. 1960ஆம் ஆண்டில் அமெரிக்க மின்னணுத் தொழிற்துறையினர் இத்தகைய தொடர் இணைப்புக்கு ஆர்.எஸ்.-232 என்ற தராதரத்தை வகுத்தார்கள். 1963ஆம் ஆண்டில் 'ஆஸ்கி' எழுத்துக் குறியீடு வந்தது. அதைப் பேசும், விநாடிக்குப் பத்து எழுத்துகளை அடிக்கும் டெலிடைப் இயந்திரங்களும் அப்போது வந்தன. ஆரம்பகாலக் கணினிகளுடன் மனிதர் உரையாடியது அவற்றின் ஊடாகத்தான். காகிதம் போய்த் திரை வந்தது. இயந்திரம் போய் மென்பொருள் வந்தது. மொழி மாத்திரம் மாறவில்லை. முக்கிய செய்தி வருகிறது என்பதை அறிவிக்க டெலிபிரிண்டரில் மணி ஒலிக்கும். அந்த மணிக்குரிய குறி ஆஸ்கியில் ஏழாவது இலக்கத்தில் இன்னமும் இருக்கிறது.

இத்தனை பழைய மொழியை இந்த நவீன பெட்டிக்குள் ஏன் வைத்திருக்கிறார்கள்? பழக்கம் ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அந்த வாசல் மிக எளிமையானது. முகவரி, பெயர், வேறொரு கணினி என்று எதன் உதவியும் அதற்குத் தேவையில்லை. வலையமைப்பு முழுவதும் செத்துக்கிடக்கும் வேளையிலும் அது திறந்திருக்கும். ஆனால், அதனை அடைவதற்கு ஒருவர் அந்தப் பெட்டி இருக்கும் அறைக்குள் போயாக வேண்டும். அறையின் திறப்பு யாரிடம் இருக்கிறதோ அவரே ஆளியை ஆள்பவர்.

அவ்வாறு உள்ளே சென்றவர் முதல் நாளில் செய்யவேண்டிய காரியங்கள் அதிகமில்லை. ஆளிக்கு ஒரு பெயர் வைக்கவேண்டும். வலிமையான கடவுச்சொல்லை இடவேண்டும். நிர்வாகத்துக்கென்று தனியான உள்வலையை ஒதுக்கி, அதில் ஆளிக்கு ஒரு முகவரி கொடுக்கவேண்டும். தொலைவில் இருந்து வருவதற்கான பாதுகாப்பான வாசலைத் திறந்து, பாதுகாப்பற்றவற்றை மூடவேண்டும். பயன்படாத துளைகளை அடைக்கவேண்டும். இறுதியாக, செய்தவற்றைச் சேமிக்கவேண்டும். பல ஆளிகளில் இயங்கும் நினைவும் நிலைத்த நினைவும் வேறுவேறு. சேமிக்காவிட்டால் மின்சாரம் போனதும் எல்லாம் போய்விடும். 2022ஆம் ஆண்டில் நாள்தோறும் மணிக்கணக்கில் மின்வெட்டை அனுபவித்த எமது நாட்டவர்களுக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை.

பாதுகாப்பான வாசல் என்றேன். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. தொலைவில் இருந்து கணினிக்குள் நுழைவதற்கான 'டெல்நெட்' முறை 1969ஆம் ஆண்டில் தோன்றியது. ஒருவரையொருவர் அறிந்த சிறிய ஆய்வாளர் சமூகத்துக்காக உருவான அது, கடவுச்சொல்லையும் மறைக்காமல் அப்படியே அனுப்பிவைத்தது. வழியில் ஒட்டுக்கேட்பவர் அதை வாசித்துவிடலாம். 1995ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ அவ்வாறு ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைக் கவர்ந்தார்கள். அங்கு ஆய்வாளராக இருந்த தாத்து இலோனென், உரையாடல் முழுவதையும் மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.எச். என்ற முறையை அதே ஆண்டில் எழுதி இலவசமாக வெளியிட்டார். ஆளிகளின் நிர்வாகத்துக்கு இன்று பரிந்துரைக்கப்படும் வாசல் அதுவே.

இவையெல்லாம் பொறியியலாளர்களின் விவகாரம், எமக்கென்ன என்று வாசகர்களில் சிலர் நினைக்கக்கூடும். மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

2002 நவம்பரில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் வைத்தியசாலையின் வலையமைப்பு முடங்கியது. ஆண்டாண்டு காலமாகத் துண்டு துண்டாக ஒட்டவைக்கப்பட்டு ஒரே தட்டையாக வளர்ந்துபோயிருந்த வலையமைப்பு அது. பேள்மனின் மரம் தாங்கக்கூடிய எல்லையை அது தாண்டிவிட்டிருந்தது. ஆய்வாளர் ஒருவரின் கணினியில் இருந்து வெள்ளமாகப் பாய்ந்த தரவு அதன் முதுகை முறித்தது. சுமார் நான்கு நாட்கள் வைத்தியர்களும் தாதியரும் ஆய்வுகூடத்தினரும் கணினிக்கு முந்திய காலத்துக்குத் திரும்பி, காகிதத்தில் எழுதி, கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். வைத்தியசாலையின் தகவல் பொறுப்பாளரான ஜோன் ஹலம்கா நடந்ததை மூடிமறைக்காமல் உலகுக்குச் சொன்னார். அதனாலேயே அது ஏனைய வைத்தியசாலைகளுக்குப் பாடமாகியது.

இரண்டாவது சம்பவம் 2018 ஏப்ரலில் நடந்தது. புதிய ஆளிக்கு அருகே எவரும் சென்று அமராமலே அதனைத் தயார்படுத்துவதற்காக சிஸ்கோ நிறுவனம் ஒரு வசதியைச் செய்து வைத்திருந்தது. வந்து உத்தரவிடுபவர் யார் என்று அந்த வசதி கேட்பதில்லை. முதல் நாள் வேலை முடிந்ததும் மூடப்படவேண்டிய அந்த வாசல், உலகெங்கும் பெருந்தொகையான ஆளிகளில் திறந்தபடியே கிடந்தது. அதனூடாகப் புகுந்தவர்கள் ஆளிகளின் அமைவுகளை அழித்து, அமெரிக்கக் கொடியையும் தமது தேர்தல்களில் தலையிடவேண்டாம் என்ற எச்சரிக்கையையும் விட்டுச் சென்றார்கள். ஈரானில் மாத்திரம் 3,500 ஆளிகள் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டின் தொடர்பாடல் அமைச்சு அறிவித்தது. அறைக்குள் போகும் சிரமத்தைத் தவிர்க்க வைத்த வாசலால் அந்நியர்கள் வந்துபோனார்கள்.

மூன்றாவது சம்பவத்தை எல்லோரும் உணர்ந்திருப்பார்கள். 2021 அக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் ஆகியவை ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்கள் உலகெங்கும் செயலிழந்தன. புலம்பெயர்ந்து வாழும் தமிழர்களுக்கு வட்ஸ்அப் என்பது ஊரோடு பேசும் வழி. அன்று மாலை கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்தவர்கள் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் பேசமுடியாமல் தவித்தார்கள். வழமையான பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் தரவு நிலையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்துவிட்டது. தவறான கட்டளைகளைத் தடுக்கவேண்டிய மென்பொருளிலும் குறை இருந்தது. தொலைவில் இருந்து திருத்தலாம் என்றால், திருத்துவதற்கான வாசல்களும் அவசரத்துக்கென்று வைத்திருந்த மாற்று வழியும் கூடவே செயலிழந்துபோயின. முடிவில் பொறியியலாளர்கள் நேரடியாகத் தரவு நிலையங்களுக்குச் செல்லவேண்டியதாயிற்று. கடும் பாதுகாப்புள்ள அந்தக் கட்டடங்களுக்குள் நுழைவதற்கே நேரம் பிடித்தது என்று அந்நிறுவனமே பின்னர் விளக்கமளித்தது.

இந்த மூன்றிலும் பொதுவான ஒன்றைக் காண்கிறேன். பழுதைத் திருத்துவதற்கான பாதை, பழுதாகும் பொருளின் மீதே தங்கியிருக்கக்கூடாது. வாசல் இருக்கவேண்டும், அது தனியாக இருக்கவேண்டும், அதற்குப் பூட்டும் இருக்கவேண்டும். வாசலைத் தனியாக வைப்பதற்குச் செலவாகும். பூட்டி வைப்பதால் வேலை தாமதமாகும். ஆகவே, எல்லாம் ஒழுங்காக இயங்கும் காலத்தில் இவ்விரண்டையும் வீண் என்று சொல்பவர்களின் குரலே எப்போதும் ஓங்கியிருக்கும்.

சட்டங்கள் மெதுவாக விழித்துக்கொண்டிருக்கின்றன. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒரே கடவுச்சொல்லை இட்டு விற்பதை கலிபோர்னியா மாநிலம் 2020 ஜனவரி முதல் தடைசெய்தது. நுகர்வோர் கருவிகளுக்கு பிரித்தானியாவும் 2024 ஏப்ரலில் இருந்து அவ்வாறு செய்திருக்கிறது. ஆனால், ஒரு வைத்தியசாலையின் அலுமாரிக்குள் இருக்கும் ஆளியின் கடவுச்சொல் மாற்றப்பட்டதா, அதன் அமைவு சேமிக்கப்பட்டதா, அறையின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதையெல்லாம் எந்தச் சட்டமும் வந்து பார்க்கப்போவதில்லை.

ஆட்சியாளர்களிடம் கேட்கப் பழகிய கேள்வியைத்தான் இந்தப் பெட்டியிடமும் கேட்கவேண்டியிருக்கிறது. அதிகாரம் எங்கே குவிந்திருக்கிறது, அதனை யார் எந்த வழியில் அடைகிறார்கள், அவர்களைத் தடுப்பதற்கு என்ன இருக்கிறது? வங்கியொன்றின் அல்லது வைத்தியசாலையொன்றின் நிர்வாகத்தில் பொறுப்பு வகிக்கும் வாசகர் எவராவது இதை வாசித்தால், தமது கட்டடத்தின் ஆளிகள் இருக்கும் அறையின் திறப்பு இன்று எவரிடம் இருக்கிறது என்பதை மாத்திரமாவது விசாரித்துப் பார்க்கவேண்டும் என்பதே எனது தாழ்மையான வேண்டுகோள்.